உறுதியா, கலம்பகமா? கம்பளையை முன்வைத்து எங்கட ஊர் வரலாறுகள் பற்றிச் சில குறிப்புகள்

மலைநாட்டு முஸ்லிம் ஊர்களில் வரலாறு எழுதப்படாத ஊர் இன்று குறைவு. பள்ளிவாசல் நூற்றாண்டு மலர், பாடசாலைப் பொன்விழா மலர், ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் நினைவு மலர், அதுவும் இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கைக்காசைப் போட்டு அச்சிட்ட சிறு நூல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றைத் தேடிச் சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய புத்தகக் கடையில் கண்டால் வாங்குவேன், கலியாண வீட்டுக்குப் போன ஊரில் கண்டால் கேட்டு எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டுரை அவற்றில் ஒரு நூலுக்கான மதிப்புரை அல்ல. ஊர் வரலாறு என்பதை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பு என்ன, அது எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கும் முயற்சி. உதாரணத்துக்குக் கம்பளையை எடுத்துக்கொள்கிறேன். மகாவலி வளைந்து போகிற அந்தச் சின்ன மலை நகரத்தில் இராசதானி, யாத்திரை, கோப்பி, ரயில், பெரஹெரா, பள்ளிவாசல் எல்லாம் ஒரு மைலுக்குள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கட எழுத்தின் பலமும் பலவீனமும் அங்கே நன்றாகத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த மலர்கள் இல்லாவிட்டால் எங்கட ஊர்களின் முதல் முஅத்தின் யார், முதல் ஓதல் பள்ளி எந்த வீட்டுத் திண்ணையில் நடந்தது என்பதெல்லாம் மையித்தோடு சேர்ந்து மண்ணுக்குள் போயிருக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலையை, சம்பளம் இல்லாமல், ஊர்ப் பெரியவர்கள் செய்தார்கள். அந்த நன்றியோடுதான் இந்த விமர்சனம்.

மலரின் அமைப்பு

இருபது மலர்களை வரிசையாக வாசித்தால் இருபத்தோராவது மலரை வாசிக்காமலே சொல்லிவிடலாம். முதலில் வாழ்த்துச் செய்திகள். அமைச்சர், மாகாண சபை உறுப்பினர், நம்பிக்கையாளர் சபைத் தலைவர். அடுத்து ஊரின் தொன்மை. அரபு வணிகர் வந்தார்கள், பாவாத மலைக்கு யாத்திரை போனார்கள், வழியில் தங்கினார்கள், சிங்கள மன்னர் காணி கொடுத்தார். பிறகு ஒரு ஸியாரம், அதன் கராமத். பிறகு பள்ளிவாசல் கட்டிய வரலாறு, தலைவர்மாரின் பட்டியல். கடைசியில் ‘முதல்வர்கள்’: முதல் வைத்தியர், முதல் சட்டத்தரணி, முதல் பட்டதாரி. இடைக்கிடை நன்கொடையாளர் படங்கள்.

இந்த அமைப்பு எனக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்று யோசித்தபோது ஒரு காணி உறுதிதான் நினைவுக்கு வந்தது. நொத்தாரிசு எழுதுகிற உறுதியில் என்ன இருக்கும்? காணியின் பெயர், நாலு பக்க எல்லை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற உரித்து வரிசை, சாட்சிக் கையொப்பம். எங்கட மலரிலும் அதுதான் இருக்கிறது. அரேபியரிடமிருந்து வந்த உரித்து, மன்னர் வைத்த கையொப்பம், அமைச்சரின் சாட்சி. ‘முதுசம்’ என்ற சொல்லை நாங்கள் பரம்பரைச் சொத்துக்கும் பாவிக்கிறோம், பண்பாட்டு மரபுக்கும் பாவிக்கிறோம். இரண்டும் ஒன்றாகிப் போனதுதான் பிரச்சினை.

உறுதியில் சில விசயங்களுக்கு இடம் கிடையாது. பக்கத்துக் காணிக்காரன் எல்லையாக மட்டுமே வருவான், ஆளாக வரமாட்டான். அந்தக் காணியில் கூலி வேலை செய்தவன் வரமாட்டான். அடுப்படியில் இருந்த உம்மா வரமாட்டா. வேலித் தகராறு வரவே வராது, வந்தால் உறுதி பழுதாகிவிடும்.

ஏன் உறுதி எழுதினோம்?

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் வேறானவர் என்பது அதன் சாரம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட நேரம் அது. அடுத்த வருடம், 1889இல், எம். ஸீ. அப்துர் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கட்டுரைக்கு ஒரு மறுப்பு நூல் எழுதினார். சோனகரின் மூதாதையர் அரேபியர் என்பதை நிறுவுவது அதன் வேலை.

அஸீஸின் நூலை அந்தக் காலத்தில் வைத்துப் பார்த்தால் அது தேவையான நூல். ஒரு சமூகத்தின் அரசியல் இருப்பே கேள்விக்குள்ளான நேரத்தில் வழக்கறிஞர் போல் நின்று வாதாடிய எழுத்து. ஆனால், வழக்கு முடிந்து நூறு வருடத்துக்குப் பிறகும் நாங்கள் அதே வாதத்தையே ஊர் ஊராகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம். கம்பளையில் எழுதினாலும் மாவனல்லையில் எழுதினாலும் முதல் அத்தியாயம் ஒன்றுதான். ஊரின் பெயரை மாற்றினால் போதும். ஊருக்கே உரிய வரலாறு இரண்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்கவேண்டும், அதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது.

கண்டிய கிராமங்களில் எங்கட ஆக்களில் பலருக்கு ‘கெதர’ என்று முடிகிற சிங்கள வீட்டுப் பெயர் உண்டு. பழைய உறுதிகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் பார்க்கலாம். பெயரின் முன்பாதி சிங்களம், பின்பாதி அரபு, அந்த ஆள் வீட்டில் பேசுவது தமிழ். ஒரே ஆளின் பெயரில் இந்த நாட்டின் பாதி வரலாறு கிடக்கிறது. மலர்களில் இந்த வீட்டுப் பெயர்கள் வெட்டப்பட்டு அரபுப் பெயர் மட்டும் அச்சாவதைக் கண்டிருக்கிறேன். எது எங்கட முதுசம் என்று முடிவெடுக்கிற கத்தரிக்கோல் அது.

குனகார்: எடுத்ததும் விட்டதும்

கம்பளை பற்றி எழுதுகிற எவரும் இப்னு பதூதாவை விடமாட்டார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து, புத்தளப் பக்கம் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவாத மலைக்குப் போனவர். போகிற வழியில் ‘குனகார்’ என்ற தலைநகரைக் கண்டதாக எழுதுகிறார். அந்தக் குனகார் கம்பளைதான் என்பாரும் உண்டு, குருநாகல் என்பாரும் உண்டு. நாலாம் புவனேகபாகு 1341 அளவில் கம்பளையில் இராசதானி அமைத்த காலத்தோடு இது பொருந்துவதால் கம்பளைக்காரருக்கு ஒரு பிடிமானம். மலர்களில் இந்த ‘என்பார்’ போய்விடும். இப்னு பதூதா கம்பளைக்கு வந்தார், அங்கே பள்ளிவாசல் இருந்தது, ஆகவே 1344க்கு முன்பே நாங்கள் இருந்தோம் என்று முடித்துவிடுவார்கள். உரித்து வரிசைக்கு ஒரு பெரிய சாட்சி கிடைத்துவிட்டது.

சரி, அந்தப் பள்ளிவாசல் பற்றி இப்னு பதூதா என்னதான் சொல்கிறார்? நகருக்கு வெளியே ஷைகு உஸ்மான் ஷீராஸி என்பவரின் பள்ளிவாசல். அவர் பாவாத மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஒரு மாட்டை அறுத்துவிட்டார். அந்த நாட்டு வழக்கப்படி அதற்கு உயிர்த்தண்டனை. ஆனால், அவர் மேல் எல்லாருக்கும் மதிப்பு இருந்ததால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். அதோடு ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் அரசனும் ஊராரும் அவரைத் தேடிவந்து கண்ணியப்படுத்தினார்கள். வழிகாட்டும் வேலையை அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் தொடர்ந்தார்கள்.

எங்கட மலர்கள் இந்தப் பகுதியிலிருந்து ‘பள்ளிவாசல் இருந்தது’ என்ற ஒரு வரியை எடுக்கின்றன. மற்றதெல்லாம் போய்விடுகிறது. எனக்கோ மற்றதுதான் முக்கியம். ஒரே ஆளின் உடம்பில் தண்டனையும் மரியாதையும் சேர்ந்து நிற்கிறது. வெட்டினவர்களே சந்தை வருமானத்தையும் கொடுக்கிறார்கள். இதை ‘மன்னர் காலத்து ஒற்றுமை’ என்று இனிப்பாகவும் சொல்லமுடியாது, ‘அன்றிலிருந்தே அநியாயம்’ என்றும் சொல்லமுடியாது. ஓர் ஊரில் இரண்டு வேறு மார்க்கத்து மனுசர் சேர்ந்து வாழ்வது எவ்வளவு பேரம்பேசலோடு நடக்கிற விசயம் என்று அந்தச் சின்னக் கதை சொல்கிறது. குனகார் எந்த ஊராக இருந்தாலும் கம்பளைக்கு இந்தக் கதை பொருந்தும். ஏன் என்பதை அம்பகமுவ வீதியில் பார்க்கலாம்.

இன்னொன்று. கம்பளை இராசதானியின் பெரிய கட்டடங்கள் லங்காதிலக, கடலாதெனிய விகாரைகள். கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரி தென்னிந்தியரான கணேஸ்வராசாரி. லங்காதிலகவின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டுத் தமிழ், பௌத்த விகாரையின் கல்லில். தமிழ் பேசும் எங்களுக்கு இது முதுசம் இல்லையா? எந்தப் பள்ளிவாசல் மலரிலும் இதை நான் கண்டதில்லை. உறுதியில் பக்கத்துக் காணி எல்லையாக மட்டுமே வரும் என்று சொன்னேனே, அதுதான் இது.

அம்பகமுவ வீதி

முதலாம் விஜயபாகு (1055–1110) சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் கல்வெட்டு அம்பகமுவவில் இருக்கிறது. கம்பளை நகரிலிருந்து அந்தத் திசைக்குப் போகிற வீதிக்கு அம்பகமுவ வீதி என்று பெயர். பௌத்தருக்கு ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், எங்களுக்குப் பாவாத மலை. எல்லாருக்கும் பொதுவான ஒரு மலைக்குப் போகிற வழியின் பெயரைத் தாங்கிய வீதி அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வீதி வேறு உயிர் பெற்றது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, 1874இல் நாவலப்பிட்டி வரை நீண்டது. அரிசி, கருவாடு, புடவை எல்லாம் கம்பளையில் இறங்கித் தோட்டங்களுக்கு ஏறின. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று முடித்தது. தேயிலை வந்தது. கடைத்தெரு அப்படியே நின்றது. அந்தக் கடைகளில் கணிசமானவை தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களுடையவை. கரையோரச் சோனகர் என்றும், சிங்களத்தில் ‘ஹம்பயா’ என்றும் அழைக்கப்பட்டவர்கள். அம்பகமுவ வீதியில் பள்ளிவாசல் கட்டியவர்களும் அவர்கள்தான்.

அதே வீதியால்தான் வலஹாகொட தேவாலையின் எசல பெரஹெராவும் போகும். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தவேண்டுமா இல்லையா என்ற தகராறு 1912இல் முற்றியது. தேவாலையின் பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1815ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு பௌத்த சமயக் கிரியைகளைப் பாதுகாக்கிறது என்பது அவர் பக்க வாதம். 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே வருடம் மே மாத வெசாக் இரவில் கண்டியில் கலவரம் வெடித்தது. அரச கணக்கின்படி 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமாக்கப்பட்டன, 4,075 கடைகள், வீடுகள் சூறையாடப்பட்டன.

இலங்கையின் நவீன வரலாற்றை ஒரு புதுத் திசைக்குத் திருப்பிய சம்பவம் கம்பளையின் ஒரு கடைத்தெருவில் தொடங்கியிருக்கிறது. ஆனால், எங்கட எழுத்தில் 1915க்கு எவ்வளவு இடம்? ஒரு வரி, கூடினால் ஒரு பந்தி. “சில தீய சக்திகளால்” என்று தொடங்கி “மீண்டும் ஒற்றுமை மலர்ந்தது” என்று முடியும். தீய சக்தி யார், எந்த வீதி, எந்தக் கடை, கடைக்காரன் பிறகு திரும்பி வந்தானா, ஒன்றும் இருக்காது.

மற்றவர்கள் எழுதியதிலும் கம்பளை இல்லை. தேசிய வரலாற்றில் 1915 என்றால் இராணுவச் சட்டம், 1915 ஜூலை 7இல் சுடப்பட்ட ஹென்ரி பேதிரிஸ், சிறை சென்ற டி. எஸ். சேனாநாயக்க போன்ற தலைவர்கள், லண்டன் வரை போய் வாதாடிய இராமநாதன். அடி வாங்கிய கடைக்காரன் அந்தக் கதையில் ஓரத்தில்கூட நிற்பதில்லை. அவனை எழுதவேண்டியவர்கள் நாங்கள். நாங்களும் எழுதவில்லை.

லோர்னா தேவராஜா அம்மையாரின் நூலை எங்கட மலர்க்காரர் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1994இல் வந்த அந்த நூல் இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் வருட இன நல்லுறவைப் பேசுகிறது. சிங்கள அறிஞர் ஒருவர் எங்களைப் பற்றி அவ்வளவு பரிவோடு எழுதியது பெரிய விசயம். அதன் தலைப்பிலேயே இரண்டு வருடங்கள் இருக்கின்றன: 900, 1915. முதல் எண்ணை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது எண்ணைப் பார்த்து, ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கிற மலரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

“இப்ப எதுக்கு சேர் இது?”

மலர்க்குழு ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். எந்த ஊர் என்பது தேவையில்லை. 1915 பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குழுவில் இருந்த ஒரு ஹாஜியார், நல்ல மனுசர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இப்ப எதுக்கு சேர் இது? ஊர் அமைதியா இருக்கு. மலர் அவங்கட கையிலயும் போகும். நாங்களே கிளறிவிட்ட மாதிரி ஆகிடும்.” கட்டுரை வரவில்லை. நாலு பக்கம் இரண்டு வரியானது.

அவருடைய பயத்தை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் கடைகள் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாங்கள். பக்கத்து ஊரில் புகை எழும்பினால் எங்கட ஊரில் கடை பூட்டுவோம். அப்படிப்பட்ட நாட்டில் பழைய காயத்தை அச்சில் போடுவது புத்தியா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆனாலும் எனக்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. முதலாவது, நாங்கள் எழுதாவிட்டால் அது எழுதப்படாமல் போகாது. வேறு யாரோ, வேறு நோக்கத்தோடு எழுதுவார்கள். இன்றைக்குப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ‘ஹம்பயா’ என்ற சொல் ஏச்சாக வருகிறது. அந்தச் சொல்லின் வரலாறு தெரியாத பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?

இரண்டாவது இன்னும் முக்கியம். எங்களுக்குள் வாய்வழியாக 1915ஐச் சொல்லும்போது ஒரு தந்திரம் நடக்கிறது. “அது கரையோரச் சோனகர்ட பிரச்சினை, எங்கட ஆக்கள் சம்பந்தப்படல்ல” என்பார்கள். பெரஹெராவுக்கு எதிர்ப்புச் சொன்னது அவர்கள், அடி மட்டும் எங்களுக்கும் விழுந்தது என்ற மாதிரி. கல்லெறிந்தவன் கடையின் பெயர்ப்பலகை பார்த்து எறியவில்லை என்பது இருக்கட்டும். அந்தக் கரையோரச் சோனகர் எங்கே போனார்கள்? குடிசன மதிப்பில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு நிரல்கள் இருந்தன. 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பலர் கடையை விற்றுவிட்டு அக்கரைக்குப் போனார்கள். மற்றவர்கள் இங்கேயே கலியாணம் முடித்து எங்களோடு கலந்தார்கள். இன்று மலைநாட்டு ஊர்களில் எத்தனை வீட்டில் மூத்தாப்பாவின் வாப்பா அக்கரையிலிருந்து வந்தவர்? வீட்டுக்குள் சொல்லுவோம், மலரில் எழுதமாட்டோம். பள்ளிவாசலைக் கட்டியவர்களே எங்கட உரித்து வரிசையில் இல்லை. உறுதி எழுதும் மொழி பிறரை மட்டும் விடுவதில்லை, சொந்த இரத்தத்தையும் விடுகிறது.

கடன் கொப்பி சொன்ன கதை

தரம் 10 மாணவர்களுக்கு ஊர் வரலாறு பற்றி ஒப்படை கொடுத்தால் மலரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது இப்னு பதூதா. ஒரு முறை ஒப்படையை மாற்றிக் கொடுத்தேன். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது முன்பு என்னவாக இருந்தது என்று மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் உங்கட வீட்டில் வயது போனவர், ஒருவர் சிங்களவர், ஒருவர் தோட்டத்தில் இருந்தவர்.

வந்த விடைகள் மலரில் இல்லாதவை. ஒரு மாணவி எழுதிய மாடிக் கடையை அவளுடைய மூத்தம்மா ‘புடவைக் கடை’ என்று சொல்லியிருக்கிறா. தோட்டத்து முதியவருக்கு அது ‘தீபாவளிக்குக் கடன் கிடைத்த இடம்’. சிங்களப் பெரியவருக்கு, சின்ன வயதில் குடும்பத்தோடு மேல்மாடி யன்னலில் நின்று பெரஹெரா பார்த்த இடம். முஸ்லிம் முதலாளியின் மேல்மாடியிலிருந்து பெரஹெரா பார்த்திருக்கிறார்கள்! 1915க்குப் பிறகு கடைத்தெருக்கள் எப்படி மீண்டன என்று கேட்டால் “ஒற்றுமை மலர்ந்தது” என்பதைவிட அந்த யன்னல் எவ்வளவோ சொல்லும்.

இன்னொரு மாணவன் வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பழைய கடன் கொப்பியைக் கொண்டுவந்தான். அரபுத் தமிழில் எழுதியது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது, அவனுடைய வாப்பாவுக்கும் தெரியாது. தட்டுத்தடுமாறி வாசித்துப் பார்த்தால் முத்தையா கங்காணி, பண்டா, தோட்டத்துப் பெயர்கள், அரிசி இத்தனை கொத்து, மிச்சம் இவ்வளவு. அரபு எழுத்தில், தமிழ் மொழியில், சிங்களப் பெயரும் தோட்டத் தமிழர் பெயரும். அந்தக் கொப்பிக்கு எந்த மலரிலும் இடம் கிடைத்ததில்லை. முதல் பட்டதாரியின் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறோம். அந்தப் பட்டதாரியைப் படிப்பித்த காசு தோட்டத்துச் சம்பள நாளில் வந்த காசுதான் என்று எழுத ஒரு வரி கிடையாது.

பெண்கள் விசயமும் இதுதான். மலர்களில் பெண் வருவது ‘முதல் பெண் ஆசிரியை’ என்ற பட்டியலில் மட்டும். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி, வீட்டில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த லெப்பை வீட்டு உம்மா, நோன்புக் காலத்தில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சியவர்கள் இவர்களுக்கு உறுதியில் பங்கு இல்லை.

கலம்பகம் என்ற வேறு வழி

ஊரைப் பற்றி எழுத எங்களுக்கு வேறு மரபே இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. மலைநாடு தந்த இரண்டு பெரிய எழுத்தாளர்களைப் பாருங்கள். ஒருவர் கண்டியில் பிறந்த சித்திலெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை தொடங்கியவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவல் எழுதியவர். கதாநாயகன் பிறப்பது எகிப்தில், கதை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய் எகிப்துக்கே திரும்புகிறது. அந்தக் காலத்து முஸ்லிம்களுக்கு உலகம் பெரியது என்று காட்ட அது தேவைப்பட்டது. ஆனால், எங்கட முதல் நாவலின் கண் மலைக்கு வெளியேதான் பார்த்தது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு, சித்திலெப்பையின் சமூக சீர்திருத்தத் துணிவை விட்டுவிட்டார்கள்.

மற்றவர் தெல்தோட்டையில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். அவர் பாடிய பிரபந்தங்களில் ‘கண்டிக் கலம்பகம்’ உண்டு, ‘கண்டிநகர்ப் பதிகம்’ உண்டு. அவற்றின் கவித்துவத்தை இங்கே மதிப்பிட வரவில்லை. ஊரின் பெயரைத் தலைப்பில் வைத்துப் பாட அவர் தேர்ந்தெடுத்த வடிவம்தான் எனக்கு முக்கியம்.

கலம்பகத்தைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கலம் என்றால் பன்னிரண்டு, பகம் என்றால் அதில் பாதியான ஆறு, ஆக பதினெட்டு உறுப்பு என்று ஒரு விளக்கம். பல பூக்கள் கலந்த கதம்ப மாலை என்று இன்னொரு விளக்கம். பாட்டுடைத் தலைவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், கலம்பகத்தில் அவனைப் பற்றி மட்டும் பேசமுடியாது. குறம் என்ற உறுப்பில் குறத்தி வந்து குறி சொல்லவேண்டும். களி என்ற உறுப்பில் கள் குடித்தவன் வந்து பேசவேண்டும். மறம் என்ற உறுப்பில் மறவன், பெண் கேட்ட அரசனையே மறுத்துத் திருப்பியனுப்புவான். அம்மானை ஆடும் பெண்கள், ஊசல் ஆடும் பெண்கள், சித்து விளையாடுகிறவன் எல்லாருக்கும் குரல் உண்டு. இவர்களை விட்டால் அது கலம்பகம் ஆகாது, இலக்கணம் அப்படி. சண்டை பிடிக்கிற குரலுக்கும் குடித்து உளறுகிற குரலுக்கும் இடம் வைத்த பிறகுதான் புகழ்ச்சி.

இந்த வடிவத்தை எங்கட மார்க்கப் புலவர்கள் தயங்காமல் எடுத்துக் கையாண்டார்கள். நாங்கள் தமிழரா அரபியரா என்று மேடையில் விவாதம் நடந்த அதே தலைமுறையில், மலைத் தோட்டப் பக்கத்து ஊரில் பிறந்த ஒரு முஸ்லிம் புலவர் கண்டிக்குக் கலம்பகம் பாடினார். அவருக்கு உறுதி தேவைப்படவில்லை. பாடினாலே அது அவருடைய ஊர்.

இன்றைக்கு ஊர் வரலாறு எழுதப்போகிறவர்கள் செய்யுளில் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலம்பகத்தின் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு உறுப்பு வேண்டாம், ஆறு போதும். கடை ஒன்று, தோட்டம் ஒன்று, அடுப்படி ஒன்று, பக்கத்து விகாரை ஒன்று, அக்கரையிலிருந்து வந்தவர்கள் ஒன்று, ஊர் பட்ட தகராறு ஒன்று. இந்த ஆறு குரலும் இல்லாத மலரை ஊர் வரலாறு என்று அழைப்பதில்லை என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் என்ன?

செய்யக்கூடிய சில வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய கடன் கொப்பி, கடுத்தப் பதிவு, கடைப் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அவற்றை எரிக்கவோ பழைய பேப்பர்காரனுக்குப் போடவோ வேண்டாம். பாடசாலையிலோ பள்ளிவாசலிலோ படம் பிடித்து ஒரு பிரதி வைக்கலாம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிம்கள் ஊருக்கு ஒருவராவது இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பலாம். மீஸான் கற்களில் அழியாமல் இருக்கிற எழுத்தை எழுதி எடுக்கலாம். கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டை, அக்குறணை என்று எந்த ஊராக இருந்தாலும், வயது எண்பதைத் தாண்டியவர்களிடம் தொடங்கவேண்டும். அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

அந்த ஹாஜியாரின் கேள்விக்கும் இதற்குள்தான் பதில் இருக்கிறது. 1915ஐத் தனியாக எடுத்து எழுதினால் கிளறுவது போல்தான் தெரியும். அதே வீதியின் யன்னலும், கடன் கொப்பியும், லங்காதிலகவின் தமிழ்க் கல்வெட்டும், கை இழந்தும் கண்ணியத்தோடு இருந்த உஸ்மான் ஷீராஸியும் பக்கத்தில் இருந்தால், 1915 ஒரு நீண்ட கொடுக்கல் வாங்கலில் கணக்குப் பிழைத்த வருடமாகத் தெரியும். அப்படி எழுதிய மலர் ‘அவங்கட’ கைக்குப் போனாலும் பயமில்லை. அவர்களுடைய மூத்தவர்களும் அதில் இருப்பார்கள்.